விலை குறைந்த வீடியோ கேம்களை வாங்கலாமா?

மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் வீடியோ கேம்களை வாங்குவதில் பயன் உண்டா, அல்லது அந்தச் சில்லறையை எல்லாம் சேர்த்து வைத்துப் பெரிய கேம் ஒன்றை வாங்குவது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது பழைய லேப்டாப், மாதம் ஒதுக்க முடிவது சிறு தொகை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம் என்பதே என் பதில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளையாடி வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான கேம்களில் பாதிக்கு மேல் மலிவாக வந்தவை. ஆனால் வாங்கிவிட்டு வருந்திய கேம்களைக் கணக்கெடுத்தால் அவற்றிலும் பெரும்பாலானவை மலிவானவைதான். இரண்டும் உண்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒரு கேம் எந்த வழியாக மலிவானது என்று தெரிந்துகொண்டால் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில், இன்னும் முழுமையடையாத நிலையில், 3 டாலருக்கு வந்தது. அதில் அடிப்பதற்கென்று பொத்தானே கிடையாது. உங்கள் ஆள் தானாகவே சாட்டையை வீசிக்கொண்டிருப்பான். நீங்கள் செய்ய வேண்டியது நடப்பது மட்டும்தான். முதலில் ஒன்றிரண்டு வௌவால்கள் வரும். சாட்டை பட்டு விழுந்தால் ஒரு நீலக்கல் தரையில் கிடக்கும். அதை மிதித்து எடுத்தால் பலம் கூடும், ஒரு பெட்டி திறக்கும், அதில் சில ஆயுதங்கள் தெரியும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பூண்டா, கோடரியா, புனித நூலா? பத்தாவது நிமிடத்தில் திரையின் நான்கு பக்கமும் எதிரிகள். இருபதாவது நிமிடத்தில் உங்கள் ஆள் எங்கே நிற்கிறான் என்றே தெரியாத அளவுக்கு ஒளியும் எண்களும் சிதறிக்கொண்டிருக்கும். முப்பதாவது நிமிடத்தில் அரிவாளோடு மரணமே நேரில் வந்து ஆட்டத்தை முடிக்கும். உடனே இன்னொரு முறை ஆடுவீர்கள். இதை உருவாக்கிய லூகா கலான்டே ஏற்கெனவே விற்பனைக்கு இருந்த ஆயத்தப் படங்களை வாங்கிப் பயன்படுத்தித்தான் இதைத் தொடங்கினார். 2023 மார்ச்சில் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருது இதற்குக் கிடைத்தது. தோற்றவற்றில் எல்டன் ரிங், காட் ஆஃப் வார் ரேக்னராக் ஆகிய இரண்டு பெருஞ்செலவுப் படைப்புகளும் அடக்கம்.

ஸ்டார்டியூ வேலி இதே வகை. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நிரல் எழுதி, படம் வரைந்து, இசையமைத்து, நான்கரை ஆண்டுகள் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். விலை 15 டாலர். அதன் பிறகு பல ஆண்டுகளாகப் புதிய பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். 2024 மார்ச்சில் வந்த பெரிய அப்டேட் உட்பட எதற்கும் தனியாகக் காசு வாங்கவில்லை. இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஹாலோ நைட் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து செய்தது. 2017இல் 15 டாலருக்கு வந்தது. அதன் அடுத்த பாகமான சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வெளியானபோது, வாங்க முண்டியடித்த கூட்டத்தில் பெரிய இணையக் கடைகளே சற்று நேரம் திணறின.

இவையெல்லாம் எப்படி மலிவாக விற்கக் கட்டுப்படியாகிறது? ஒரு பெரிய கேமின் விலையில் நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பல ஆண்டுச் சம்பளம் இருக்கிறது. விளம்பரச் செலவு இருக்கிறது, நடிகர்களின் குரலும் உடலசைவும் பதிவு செய்த செலவு இருக்கிறது. மூன்று பேர் செய்த கேமில் மூன்று பேரின் சாப்பாட்டுச் செலவுதான் இருக்கிறது. விலைச்சீட்டு காட்டுவது அந்த வேலைக்குப் பின்னால் எத்தனை வயிறுகள் இருக்கின்றன என்பதை. நீங்கள் விளையாடும்போது கிடைக்கப்போகும் மகிழ்ச்சிக்கும் அந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இந்த வகை மலிவை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. 1980களின் நடுவில் பிரிட்டனில் கேம்கள் ஆடியோ கேசட்டுகளில் விற்கப்பட்டன. முழு விலைக் கேசட்டுகள் 5 பவுண்டு முதல் 10 பவுண்டு வரை இருந்தன. மாஸ்டர்டிரானிக் என்ற நிறுவனம் 1.99 பவுண்டுக்கு கேம் விற்கத் தொடங்கியது. கம்ப்யூட்டர் கடையோடு நிற்காமல், செய்தித்தாள் விற்கும் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் கொண்டுபோய் வைத்தது. பள்ளிப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கினார்கள். அந்த நிறுவனத்துக்கு கேம் எழுதிக் கொடுத்த ரிச்சர்டு டார்லிங், டேவிட் டார்லிங் சகோதரர்கள் 1986இல் கோட்மாஸ்டர்ஸ் என்று சொந்தமாகத் தொடங்கி, அதே மலிவு விலை உத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆலிவர் இரட்டையர் உருவாக்கிய, கையுறையும் காலணியும் போட்ட முட்டையான டிஸ்ஸி 1987இல் அங்கிருந்துதான் வந்தது. அதே கோட்மாஸ்டர்ஸ் பிற்காலத்தில் கார் பந்தய கேம்களில் உலகப் புகழ் பெற்றது.

ஜப்பானில் டி3 பப்ளிஷர் நிறுவனம் இன்னும் வெளிப்படையாகவே செய்தது. சிம்பிள் 1500 என்று ஒரு வரிசை, அடுத்து சிம்பிள் 2000 என்று ஒரு வரிசை. பெயரில் உள்ள எண்தான் யென் கணக்கில் விலை. மாஜாங், மீன்பிடி, பந்தயம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கேம் ஆக்கினார்கள். அவற்றில் பல உப்புச்சப்பில்லாதவை, மறுக்கவில்லை. ஆனால் 2003இல் அந்த வரிசையில் வந்த ஒரு கேமில், பிரம்மாண்டமான எறும்புகள் நகரத்துக்குள் நுழைந்து கட்டடங்களைச் சரித்துக்கொண்டு வரும். நீங்கள் தெருவில் நின்று ராக்கெட் விட வேண்டும். அவ்வளவுதான் கதை. எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் என்று இருபது ஆண்டுகளாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் தொடருக்கு அதுவே விதை. விலை குறைவாக இருந்ததால்தான் அப்படி ஒரு விசித்திரமான எண்ணத்தை ஒருவர் துணிந்து முயன்று பார்க்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். பெருந்தொகை போட்டவன் சோதனை செய்ய அஞ்சுவான்.

மலிவு பெரிய நிறுவனங்களை எப்படிக் கலங்கடிக்கும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு நடந்தது நல்ல சாட்சி. அமெரிக்கக் கால்பந்து கேம்களில் இ.ஏ. நிறுவனத்தின் மேடன் தொடர் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக ஈஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 என்ற கேம் வெளியான நாளிலேயே 20 டாலருக்கு வந்தது. தரத்தில் எந்தக் குறையும் இல்லை. இன்றும் அந்த வகையில் மிகச் சிறந்தது அதுவே என்று வாதாடுவோர் உண்டு. மேடனும் தன் விலையை 30 டாலருக்கு இறக்க வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரிலேயே இ.ஏ. நிறுவனம் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் அமைப்போடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. லீகின் அணிகளையும் வீரர்களையும் வைத்து அதன் பிறகு போட்டியாளர்கள் அப்படி ஒரு கேமை வெளியிட முடியவில்லை. இருபது டாலர் விலைச்சீட்டுக்கு அவ்வளவு வலிமை இருந்தது.

மலிவு ஒரு தொழிலையே சாய்த்த வரலாறும் இருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் டிவியோடு இணைத்து ஆடும் அட்டாரி கன்சோலுக்கு கேம் செய்து விற்கலாம் என்ற நிலை. புற்றீசல் போல நிறுவனங்கள் கிளம்பின, அவசர அவசரமாக கேம்களைக் கொட்டின, சரக்கு விற்காமல் கடையை மூடின. தேங்கிய சரக்கைக் கடைக்காரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். 30, 40 டாலருக்கு விற்ற கேம்கள் 5 டாலர் கூடைக்குள் போய் விழுந்தன. பக்கத்துக் கூடையில் 5 டாலருக்கு ஒன்று கிடக்கும்போது எந்தப் பெற்றோர் புதிய கேமுக்கு 40 டாலர் தருவார்கள்? நன்றாகச் செய்தவரும் சேர்ந்தே மூழ்கினார். இன்றுவரை மோசமான கேம் என்றால் பலருக்கு நினைவுக்கு வரும் ஈ.டி. என்ற அட்டாரி கேம், ஐந்தே வாரங்களில் செய்யப்பட்டு 1982 இறுதியில் முழு விலைக்கு விற்கப்பட்டது. விற்காமல் போன அதன் கார்ட்ரிட்ஜுகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியபோது உண்மையாகவே வெளியே வந்தன. முழு விலை கொடுத்தால் தரம் உறுதி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வருகிறது.

இனி காலத்தால் மலிந்தவை. நல்ல கேம், வந்தபோது யானை விலை, இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதி விலை, கால் விலை. என்னைக் கேட்டால் உங்களைப் போன்றவருக்கு இதுவே தங்கச் சுரங்கம். வெளியான நாளில் வாங்குபவர் அதிக விலை கொடுத்துப் பிழைகள் நிறைந்த வடிவத்தை வாங்குகிறார். சைபர்பங்க் 2077 என்ற கேம் 2020 டிசம்பரில் 60 டாலருக்கு வந்தது. பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கினார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வைத்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு தள்ளுபடியில் வாங்கியவர், முதல் நாள் வரிசையில் நின்றவரைவிடக் குறைவாகக் கொடுத்து மிக நல்ல கேமைப் பெற்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இந்தத் துறையில் அப்படியே பொருந்தும்.

ஆனால் எல்லாம் காத்திருந்தால் மலியும் என்று எண்ண வேண்டாம். நிண்டெண்டோ தன் சொந்த கேம்களின் விலையை எளிதில் இறக்குவதில்லை. ஃபேக்டோரியோ கேமைச் செய்தவர்கள் ஒருபோதும் தள்ளுபடி தரமாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார்கள். தரவில்லை என்பதோடு, காலப்போக்கில் விலையைக் கூட்டவும் செய்தார்கள். அத்தகைய கேம் பிடித்திருந்தால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை, வாங்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். நிறுவனம் நடத்தும் கணினியான சர்வரை நம்பி ஓடும் கேம்கள் பழசானால் மலியும், ஆனால் அந்த மலிவு சாகக் கிடக்கும் பொருளின் மலிவு. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும் விளையாட்டுத் தொடர்கள் அடுத்த பதிப்பு வரும் நேரத்தில் அடிமாட்டு விலைக்கு வரும். வாங்கிய சில காலத்தில் உடன் ஆட ஆள் இருக்காது, பிறகு சர்வரும் நிற்கும். யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேம் 2024 மார்ச் 31 அன்று அணைக்கப்பட்டது. தனியாக ஓட்டக்கூடிய பகுதிகள் அதில் நிறையவே இருந்தன. ஆனாலும் எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று அமைத்திருந்ததால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வெறும் வட்டத்தட்டாகப் போயிற்று. அந்த அநியாயத்தின் மீதான கோபத்தில்தான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கமே பிறந்தது. அவர்கள் பக்கம் முழு நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மலிவாகக் கிடைக்கும் எந்தப் பழைய கேமையும் வாங்கும் முன் இணையம் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள்.

இப்போது குப்பைக்கு வருவோம். 2017 முதல் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் வெளியிடலாம். 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் அதிகமான கேம்கள் அங்கே வந்தன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது. அவற்றில் ஒரு பகுதி, ஆயத்தமாக விற்கும் காட்டையும் துப்பாக்கியையும் பேயையும் வாங்கி ஒன்றாக ஒட்டி, ஒரு பெயர் வைத்து, ஒன்றிரண்டு டாலருக்கு விற்பவை. வாம்பயர் சர்வைவர்ஸும் ஆயத்தப் படங்களில்தானே பிறந்தது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வாங்கிய பொருளை வைத்து ஒருவர் யோசித்தார், மற்றவர் யோசிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. கடைப் பக்கத்தில் உள்ள காணொளியை ஒலியோடு பாருங்கள். உண்மையில் ஆடுவதைக் காட்டுகிறார்களா, கதைப் படங்களை மட்டும் ஓட்டுகிறார்களா? ஒவ்வொரு படத்திலும் ஓவியப் பாணி மாறுகிறதா? இதே ஆள் ஒரே மாதத்தில் எட்டு கேம் வெளியிட்டிருக்கிறாரா? இந்த மூன்றும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது நீண்ட நேரம் ஆடிவிட்டுக் குறை சொன்னவர்களை. ஸ்டீமில் ஒருவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது அவர் எழுதியதற்கு மேலேயே தெரியும். அரை மணி நேரம் ஆடிவிட்டு ஆஹா என்பவரின் புகழ்ச்சி எனக்குப் பயன்படாது. எண்பது மணி நேரம் ஆடிவிட்டு, கடைசி அத்தியாயம் சோர்ந்துவிடுகிறது, சேமிப்பு வசதி சரியில்லை என்று பொறுமையாக எழுதுபவர் அந்த கேமை நேசித்தவர். அவர் சொல்லும் குறை உங்களுக்கும் குறையாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். தோன்றாவிட்டால் தயங்காமல் வாங்கலாம்.

இலவச கேம்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலிவைப் பற்றிப் பேசும்போது அதைத் தொடாமல் போக முடியாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பார்த்தே ஆக வேண்டும். மொபைலில் இலவசமாகவோ மிகச் சிறு விலைக்கோ வரும் பல கேம்களில் முதல் சில நாள்கள் எல்லாம் வேகமாக நடக்கும். பிறகு ஒரு கதவு திறக்க எட்டு மணி நேரம் காத்திரு அல்லது காசு கொடு என்று நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் வேறு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அவற்றில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அப்படி அமைக்கப்பட்ட கேம் நுழைவுக் கட்டணம் வாங்காதது உங்களை உள்ளே வைத்துக்கொள்ளத்தான். அதைவிட ஒரே முறை நியாயமான சிறு விலையைக் கொடுத்து முழு கேமையும் கையில் பெறுவது எவ்வளவோ மேல். கடைப் பக்கத்தில் உள்ளே வாங்கக்கூடிய பொருள்கள் உண்டு என்ற சிறிய எழுத்து வரி இருக்கிறதா என்று தேடுங்கள். குழந்தைகள் கையில் போகும் மொபைல் என்றால் இன்னும் கவனம் தேவை.

திருட்டு மலிவு ஒன்று இருக்கிறது. அதில் நானே சுட்டுக்கொண்டிருக்கிறேன். அதிகாரப்பூர்வக் கடையில் உள்ள விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஓர் இடைத்தரகர் தளத்தில் ஒரு கேமை என் கணக்கில் சேர்க்க உதவும் குறியீட்டு எண்ணை வாங்கினேன். நன்றாகவே வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து ஒரு மாலை கேமைத் திறக்கப் போனால் என் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. யாரோ திருட்டு வங்கி அட்டையில் வாங்கிய எண் அது. அட்டையின் உரிமையாளர் புகார் செய்ததும் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு எண்ணை ரத்து செய்துவிட்டார்கள். தரகர் தளத்தில் யாரும் பதிலே சொல்லவில்லை. என் நஷ்டம் சிறிது. ஆனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் கேமைச் செய்தவருக்கு விற்பனைக் காசும் கிடைக்காமல், வங்கி விதிக்கும் அபராதமும் சேரும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேர் இருக்கும் குழுவுக்கு அது பெரிய அடி. இந்த வகை மலிவை எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

அடுத்து, பலரும் போடும் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடுத்த காசை ஆடிய மணி நேரத்தால் வகுத்துப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிடும் கணக்கு. இதனால் சிறிய கேம்கள் எப்போதும் தோற்றுப்போகின்றன, நூறு மணி நேரம் இழுக்கும் கேம்கள் ஜெயிக்கின்றன. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. எ ஷார்ட் ஹைக் என்று 2019இல் வந்த கேம், சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் கிடைக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிளேர் என்ற சிறு பறவை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள், ஆனால் மலை உச்சிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். பொன்னிறகுகள் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் உயரம் ஏறலாம்.

என் அக்கா மகளுக்கு அதைக் கொடுத்தேன். மலை ஏற வேண்டும் என்று சொன்னேன். அவள் ஏறவே இல்லை. கடற்கரையில் ஒருவரோடு பேசினாள், மண்ணைத் தோண்டினாள், ஒரு முயலுக்குத் தொலைந்த தலைப்பட்டையைத் தேடிக் கொடுத்தாள். சாவகாசமாக மூன்றாவது நாள் உச்சிக்குப் போனாள். அழைப்பு வந்தது, யார் பேசுகிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. முடிந்ததும் அவள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த கேமுக்கு மணிக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. நூறு மணி நேர கேம் பலவற்றில் தொண்ணூறு மணி நேரம், வரைபடத்தில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிப்பதில் போயிருக்கிறது. அந்த நேரத்துக்கும் விலை உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு மணி நேர கேம்களைப் பற்றிச் சொன்னதால் ஒரு வேண்டுகோள். ஸ்டீமில் வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015இல் வந்த அருமையான வசதி. ஆனால் குறுகிய கேமை முடிவு வரை ரசித்து ஆடிவிட்டு, நேரம் இருக்கிறதே என்று பணத்தையும் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதனால் மனம் உடைந்து, 2021இல் ஒரு சிறு படைப்பாளர் கேம் செய்வதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். பிடிக்காததற்கு, ஓடாததற்கு அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது. மற்ற கடைகளில் விதி வேறு. ஜிஓஜி தளம் 30 நாள் தருகிறது, வாங்கியதை எந்தப் பூட்டும் இல்லாமல் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளவும் விடுகிறது. பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

உண்மையில் மலிவு விலை நம்மை ஏமாற்றும் இடம் கேமின் தரம் அல்ல, எண்ணிக்கை. தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியைப் பார்த்ததும், இப்போது விட்டால் இனிக் கிடைக்காது என்று மனம் பதறும். ஒரு கோடைத் தள்ளுபடியில் பதினேழு கேம் வாங்கினேன். அவற்றில் ஐந்தைத்தான் இதுவரை திறந்திருக்கிறேன். பாக்கிப் பன்னிரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த காசில் அந்த ஆண்டு நான் ஆசைப்பட்ட ஒரு பெரிய கேமை முழு விலைக்கே வாங்கியிருக்கலாம். பதற வேண்டிய தேவையே இல்லை. ஸ்டீமில் ஆண்டுக்கு நான்கு பருவத் தள்ளுபடிகள் வருகின்றன. இடையில் மற்ற விற்பனைகளும் உண்டு. இன்று மலிந்தது பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் மலியும். ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் ஒரு கேம் இதுவரை தொட்ட மிகக் குறைந்த விலையைப் பார்க்கலாம். விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆடத் தோன்றினால் வாங்குங்கள். என்னுடைய பட்டியலில் பாதி இப்படியே உதிர்ந்துபோகிறது. கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததை வாங்குவதில்லை என்று சில ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருக்கிறேன், பணமும் மிஞ்சுகிறது, ஆடுவதும் கூடியிருக்கிறது.

வாங்கும் முன் முயன்று பார்க்க வழியும் இருக்கிறது. ஆண்டில் சில முறை ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் வரப்போகும் நூற்றுக்கணக்கான கேம்களின் மாதிரிகளை இலவசமாக ஆடலாம். அதைத் தவறவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. சேர்த்து வைத்துப் பெரிய கேம் வாங்குவதா? உங்கள் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு வேண்டாம். புதிய பெருஞ்செலவு கேம்கள் அதில் திக்கித் திணறும், நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். ஸ்டார்டியூ வேலிக்கு 2 ஜிபி ராம் போதும். வாம்பயர் சர்வைவர்ஸ், டெராரியா, அண்டர்டேல் எல்லாம் அதே போலப் பழைய கருவியில் ஓடுபவை. டெராரியா 2011இல் வந்தது, இன்னும் இலவச அப்டேட் வருகிறது, 5 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. சீட்டு விளையாட்டில் ஆர்வம் இருந்தால் 2024இல் வந்த பலாட்ரோவைப் பாருங்கள். ஆனால் மறுநாள் வேலை இருக்கும் இரவில் தொடங்க வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். என்னைக் கேட்டால் வாம்பயர் சர்வைவர்ஸ். முப்பதாவது நிமிடத்தைத் தொட எனக்கு ஒன்பது நாள்கள் ஆயின. பூண்டை விடாதீர்கள், ஆரம்பத்தில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.